மேடு பழுதுபார்த்தவனின் பேஸ்பால் வாழ்க்கை

எங்கள் ஊர்க் கிரிக்கெட்டில் என் கையில் பந்தைக் கொடுத்தாலே எதிர் அணிக்காரன் கத்த ஆரம்பித்துவிடுவான். "டேய், அவன் மாங்கா அடிக்கிறான்டா!" முழங்கையை மடக்கி எறிகிறேன் என்பது குற்றச்சாட்டு. பொய்யில்லை, எனக்குக் கை அப்படித்தான் வரும். கையை நீட்டிச் சுற்றிப் போடு என்று எத்தனையோ பேர் காட்டிக்கொடுத்தார்கள். அப்படிப் போட்டால் பந்து பக்கத்துக் கடலைக் கொல்லைக்குப் போனது. மடக்கி எறிந்தால் ஸ்டம்பு பறந்தது. பறந்த ஸ்டம்பை எடுத்து நட்டுவிட்டு நோபால் என்றார்கள். அறந்தாங்கிப் பக்கம் நடந்த ஒரு டோர்னமெண்டிலும் என்னைப் பந்து போட விடவில்லை. எல்லைக்கோட்டில் நிறுத்தி, பந்து பொறுக்க வைத்தார்கள்.

மடக்கி எறிவதற்கென்றே உலகத்தில் ஓர் ஆட்டம் இருக்கிறது, அதற்கு மைதானம், குல்லாய், கைதட்டல் எல்லாம் உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் போடா கேனையா என்றிருப்பேன். அதைத் தெரிந்துகொள்ள நான் ஏசி மெக்கானிக்காகி, சவுதியில் அல் கோபார் வரைக்கும் போகவேண்டியிருந்தது.

என்னை வேலைக்கு எடுத்தது ஒரு மேன்பவர் கம்பெனி. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற மாதிரி அது என்னை இன்னொரு பெரிய கம்பெனிக்கு விட்டிருந்தது. பெரிய கம்பெனிக்குச் சுவர் எழுப்பிய ஒரு காம்பவுண்டு. உள்ளே ஏ பிளாக்கில் அமெரிக்க, ஐரோப்பிய அதிகாரிகள். பி பிளாக்கில் நம்மூர் இன்ஜினியர்கள், குடும்பத்தோடு. சி பிளாக் என்று ஒன்று கிடையாது. எங்களுக்குக் கேம்ப், ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வருகிற தூரத்தில். காம்பவுண்டுக்குள் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், பேஸ்பால் மைதானம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் நான் போகலாம். கையில் ஸ்பேனர் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அதுதான் வார விடுமுறை, கிளப் ஹவுஸ் மொட்டைமாடியில் கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே மைதானத்தில் அதிகாரிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ அடித்த பந்து எகிறி வந்து என் டூல்ஸ் பெட்டிக்குள் விழுந்தது. கீழே இருந்து "பால்! பால்!" என்று கத்தினார்கள். நான் எழுந்து நின்று, மட்டைக்காரனுக்குப் பின்னால் கையுறையோடு குத்தவைத்திருந்த ஆளைப் பார்த்து எறிந்தேன். பந்து நேராகப் போய் அவர் கையுறையில் சத்தத்தோடு விழுந்தது. அவர் பின்பக்கமாக மல்லாந்துவிட்டார்.

மைதானம் அப்படியே நின்றுவிட்டது. செத்தோம் என்று நினைத்தேன். எங்கள் ஃபோர்மேன் பெஷாவர்க்காரர், நல்ல மனுஷன். ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்து, "க்யா கியா பாய்? கலாஸ்! நௌக்ரி கலாஸ்!" என்று, வேலை போச்சு என்கிற அர்த்தத்தில், தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் சேஃப்டி ஆபீஸர் வந்தார். உயரத்திலிருந்து பொருள்களைக் கீழே எறியக்கூடாது என்பது விதி என்று சொல்லி அங்கேயே எனக்கு எச்சரிக்கை கொடுத்தார். அவருக்கும் பின்னால் கம்பெனியின் ஜெனரல் மேனேஜர், ஆறடிக்கு மேல் இருக்கிற அமெரிக்கர், வெயிலில் சிவந்துபோய் நின்றார். இன்னொரு பந்தை என்னிடம் நீட்டி, மறுபடியும் எறி என்றார். எச்சரிக்கை கொடுத்தவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எறிந்தேன். கீழே இருந்தவர் இந்தத் தடவை விழவில்லை, தயாராக இருந்தார்.

அப்படித்தான் நான் பேஸ்பால் ஆட்டக்காரனானேன். ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நடுவில் ஒரு சின்ன மண்மேடு. அதில் ஒருவன் நின்று எறியவேண்டும், எதிரே உருண்டை மட்டையோடு நிற்பவன் அடிக்கவேண்டும். மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டால் அவன் வீட்டுக்குப் போகலாம். மேட்டில் நிற்பவன்தான் அணிக்கு உயிர். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. காம்பவுண்டுகளுக்கு இடையே நடக்கிற போட்டியில் கம்பெனியின் ஸ்டாஃபும் அவர்களுடைய குடும்பத்தினரும் மட்டுமே ஆடலாம். நான் ஸ்டாஃப் இல்லை. லேபரும் இல்லை. இன்னொருவன் வீட்டு லேபர்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எங்கள் கேப்டன். சென்னைக்காரர், காண்ட்ராக்ட்ஸ் மேனேஜர், பி பிளாக். தொப்பையும் தொப்பியுமாக ஆபீஸுக்கு வருவார். சிறுவயதில் பேஸ்பாலைக் கேள்விகூடப் பட்டதில்லை என்று அவரே சொல்வார். ஏ பிளாக்காரர்களோடு தோளில் கைபோட்டு நிற்க பி பிளாக்காரனுக்கு இருந்த ஒரே இடம் அந்த மைதானம்தான். அதனால் கற்றுக்கொண்டார், வெறியாகக் கற்றுக்கொண்டார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ பிளேயரா உள்ள வந்தாத்தானே பிரச்சினை? ட்யூட்டியா வா."

"புரியல சார்."

"அந்த மேடு இருக்கு பாரு, அது ஒவ்வொரு மேட்சுலயும் கரையுது. அத ரிப்பேர் பண்ண ஒரு ஆள் வேணும். நான் வொர்க் ஆர்டர் போட்டுடறேன். நீ மேட்ட ரிப்பேர் பண்றே. நடுவுல பந்து கைக்கு வந்தா எறியறே. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேடு பழுதுபார்க்கும் வேலைக்கு ஆணை வந்தது. மாநிலம் மாநிலமாகச் சாலை போடுகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகப் பழுதுபார்த்திருக்க மாட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டை, நீலத் தொப்பி, முதுகில் எண். நான் நீலக் கவர்ஆல், அதன் மேல் மின்னுகிற பச்சை வெஸ்ட், காலில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. ஷூவைக் கழற்ற முடியாது, வேலையிடம். மேட்டுக்குப் பக்கத்தில் "வேலை நடக்கிறது" என்று மஞ்சள் பலகை வைக்கவேண்டும் என்று சேஃப்டி ஆபீஸர் சொன்னார். வைத்தோம். ஹெல்மெட்டும் போடச் சொன்னார். அதை மட்டும் கேப்டன் கெஞ்சிக் கூத்தாடி விலக்கு வாங்கினார். பச்சை வெஸ்ட்டில் கண் கூசுகிறது, பந்து தெரியவில்லை என்று எதிர் அணி மட்டைக்காரர்கள் புகார் சொன்னார்கள். நடுவர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலை செய்கிறவனின் பாதுகாப்பில் தலையிட முடியாது என்று போய்விட்டார்.

எங்கள் அணி அடிக்கிற நேரத்தில் ஆட்டக்காரர்கள் நிழலில் பெஞ்சில் உட்காருவார்கள். ட்யூட்டியில் இருப்பவன் உட்காரக்கூடாது. நான் ஹோஸ் குழாயை எடுத்துப் புல்லுக்குத் தண்ணீர் விடுவேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கிளப் ஹவுஸுக்குள் சாப்பிடப் போவார்கள். எனக்குச் சர்வீஸ் கேட்டில் பொட்டலம் வரும். பொட்டலத்தைக் குறை சொல்லமாட்டேன், கோழி பெரிசாகவே இருக்கும். ஜெனரல் மேனேஜரே சில நாள் கொண்டுவந்து கொடுத்து, தோளில் தட்டி, நீ எங்கள் குடும்பத்தில் ஒருவன் என்பார். குடும்பத்தினர் ஆடலாம் என்றுதானே விதி இருந்தது என்று எனக்குத் தோன்றும். வாயில் கோழி இருந்ததால் கேட்கவில்லை.

கேம்ப்பில் என் ரூம்காரர்கள் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். "வாங்க மேட்டுக்காரரே, இன்னிக்கு எத்தன பேர ரிப்பேர் பண்ணுனீங்க?" என்பான் மேல் கட்டில் பெரம்பலூர்க்காரன். அவன் ஒருவன்தான் அந்தக் கேம்ப்பில் பேஸ்பாலைப் பற்றி போனில் தேடிப் பார்த்தவன். அமெரிக்காவில் இதற்குக் கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்து, என் கிழிந்த சாக்ஸைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒரு தடவை, ஆட்டம் தொடங்குமுன் ஜெனரல் மேனேஜர் எல்லோரையும் கூட்டிப் பேசினார். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், ரோலர் மேல் சாய்ந்துகொண்டு கேட்டேன். அவர் நாட்டில் ஒரு காலத்தில் கறுப்பு ஆட்டக்காரர்களைப் பெரிய போட்டிகளில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்திருந்தார்களாம். அவர்கள் தங்களுக்குள் தனியாக அணி கட்டிக்கொண்டு, ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடினார்களாம். வெள்ளைக்காரர்களைவிட நன்றாக ஆடியவர்கள்கூட வயசாகி, தோள் போய், பெயர் தெரியாமலே முடிந்துபோனார்களாம். எப்படிப்பட்ட அநியாயம், எப்படிப்பட்ட குருட்டுத்தனம் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்லவேளை அந்தக் காலம் ஒழிந்தது என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கையில் மண்வெட்டி இருந்ததால் ஒரு கையால் தொடையில்.

கேப்டன் வேலியோரம் வந்து எனக்குத் தமிழில் சொன்னார். பாதி எனக்கே புரிந்திருந்தது.

"அப்ப அவங்கள்லாம் எங்க சார் சாப்பிட்டாங்க?" என்றேன்.

"ஹோட்டல்ல விடமாட்டாங்களாம். பஸ்ஸுலயே சாப்பிடுவாங்களாம்."

"பாவம் சார். நமக்குப் பரவால்ல, கேட்டுல நிழல் இருக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்டலா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. அன்று எதிர் அணியில் ஒருவனும் என் பந்தைத் தொடவில்லை.

அந்த சீசனில் நாங்கள் தொடர்ந்து ஜெயித்தோம். கோப்பையை எட்டிப் பார்த்திராத காம்பவுண்டு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் கேப்டன் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னார். இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் என்னை மேன்பவர் கம்பெனியிலிருந்து எடுத்து நேரடியாகப் பெரிய கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள். இக்காமாவில் தொழில் "டெக்னிகல் சூப்பர்வைசர்" என்று மாறும். ஜெனரல் மேனேஜர் ஒப்புக்கொண்டுவிட்டார், எச்.ஆர். மேசையில் பேப்பர் ரெடி. கூட்டிக்கொண்டு போய்க் காட்டவும் செய்தார், என் பெயர் ஆங்கிலத்தில் தப்பில்லாமல் இருந்தது.

இக்காமா என்பது அங்கே நாம் யார் என்று சொல்கிற அட்டை. அதில் லேபர் என்று இருந்தால் பெண்டாட்டியைக் கூப்பிட முடியாது. சூப்பர்வைசர் என்றால் கூப்பிடலாம். எனக்குக் கல்யாணமானதிலிருந்து லீவு நாட்களில் மட்டும்தான் குடும்பம். லீவு முடிகிற வாரம் இரண்டு பேருக்கும் காரணமே இல்லாமல் சண்டை வரும். எனக்கு அவளோடு ஒரே வீட்டில் இருக்க ஆசை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள் இருக்கவேண்டும். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அவளிடம் போனில் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"மண்ணு வெட்டுனா சூப்பர்வைசர் ஆக்குறாங்களா?"

"மண்ணு இல்லடி, பந்து."

"என்ன எழவோ. அங்க குக்கர் கெடைக்குமா, நான் எடுத்துட்டு வரணுமா?"

மறு வாரமே பெரிய பெட்டி ஒன்று வாங்கி, வீடியோவில் திறந்து திறந்து காட்டினாள்.

இறுதி ஆட்டம் பஹ்ரைன் காம்பவுண்டோடு. கடல்பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கிளப் ஹவுஸில் இரண்டு அணிக்கும் விருந்து. நான் சர்வீஸ் கேட்டில் பொட்டலத்தைப் பிரித்தேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் இன்னொரு பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசிருக்கும், கையெல்லாம் முறுக்கேறின ஆள். இடுப்பில் பெரிய சாவி தொங்கியது.

"தம்பி எவடம்?" என்றார்.

"அறந்தாங்கிப் பக்கம்ணே. நீங்க?"

"யாழ்ப்பாணம். நான் இவங்கட பஸ் டிரைவர். அவங்களுக்கு அடிக்கிறதும் நான்தான்." சாவியைத் தட்டிக் காட்டினார். "பஸ் ட்யூட்டி எண்டுதான் என்னை உள்ளுக்கு விடுறது. அடிக்கேக்கையும் சாவி இடுப்பில தொங்கவேணும். இல்லாட்டி நான் ட்யூட்டியில இல்லையாம்."

எனக்குச் சோறு புரையேறிவிட்டது. என் வெஸ்ட்டையும் மஞ்சள் பலகையையும் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். எங்கே அடிக்கப் பழகினீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில எல்லே எண்டொரு விளையாட்டு விளையாடினனான். இதே ஆட்டம்தான் தம்பி. கம்பும் பந்தும். இவங்கள் என்னவோ தாங்கள் கண்டுபிடிச்ச மாதிரி உடுப்புப் போட்டுக்கொண்டு நிக்கிறாங்கள்."

பிறகு எலும்பைக் கடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "இண்டைக்கு வெண்டால் மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட விசா எடுத்துத் தாறம் எண்டிருக்கிறாங்கள்."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. "எனக்கும் அதேதாண்ணே சொல்லியிருக்காங்க," என்றேன்.

அவர் கையில் இருந்த எலும்பைப் பொட்டலத்தில் வைத்தார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கை கழுவும்போது அவர்தான் வாயைத் திறந்தார். "எனக்காக மெல்லமாப் போடாதேங்கோ. பிறகு உங்களில மரியாதை இராது." நானும் அதையே அவரிடம் சொன்னேன்.

ஆட்டம் சரியான இழுபறி. கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஒரே ஓட்டம் முன்னால் இருந்தோம். அவர்களுக்கு ஒரு விக்கெட் பாக்கி, பேஸ்பாலில் அதற்கு வேறு பெயர் உண்டு, எனக்கு விக்கெட்தான். ஓடுவதற்குத் தயாராக அவர்களில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நல்ல அடி ஒன்று விழுந்தால் கோப்பை பாலம் தாண்டிப் போய்விடும். மட்டையோடு டிரைவர் அண்ணன் வந்தார். வெளியே அவருடைய பஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, முதலாளிமார் ஏறும்போது உள்ளே குளுகுளு என்று இருக்கவேண்டுமே.

முதல் பந்து அவர் அசைவதற்குள் கையுறைக்குள் போய்விட்டது. தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டாவதை அடித்தார் பாருங்கள், அப்படி ஓர் அடியை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பந்து காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. கோப்பை போச்சு என்றுதான் நினைத்தேன். கோட்டுக்கு ஓரடி வெளியே போனதால் செல்லாது, தவறவிட்ட கணக்கு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்த நேரத்தில் விசா ஞாபகம் இல்லை, பெட்டி ஞாபகம் இல்லை. இந்த மனுஷனை ஜெயிக்கவேண்டும், அது ஒன்றுதான் இருந்தது. கையை எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கி எறிந்தேன். அவர் முழுப் பலத்தோடு சுழற்றினார். மட்டை காற்றைத்தான் அடித்தது. சாவி இடுப்பில் கிலுங்கியது எனக்கு மேட்டில் கேட்டது.

எங்கள் ஆட்கள் எல்லோரும் ஓடிவந்து கேப்டனைத் தூக்கினார்கள். கிளப் ஹவுஸுக்குத் தூக்கிக்கொண்டே போனார்கள். நான் மஞ்சள் பலகையை எடுத்து வைத்துவிட்டு மேட்டைச் சமப்படுத்தினேன், அதற்குத்தானே வந்தேன். டிரைவர் அண்ணன் போகிற வழியில் நின்று, "நல்ல எறி தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

பஹ்ரைன்காரர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் அணியில் பந்து எறிந்தவன் ஸ்டாஃபே இல்லை, கோப்பையைத் திருப்பிக் கொடு என்று புகார் கொடுத்தார்கள். உங்கள் அணியில் அடித்தவன் பஸ் டிரைவர்தானே என்று எங்கள் ஆட்கள் பதில் புகார் கொடுத்தார்கள். ஒரு சீசன் முழுக்கக் கண்ணில் படாத நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டோம். விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். தலைவர் இரண்டு பக்கமும் சேராத வேறொரு காம்பவுண்டின் வயதான ஆங்கிலேயர்.

கேப்டன் முந்தின நாள் என்னைத் தன் காரில் உட்காரவைத்துப் பேசினார். நான் அவர் காரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நீ மேட்டு வேலைதான் பாத்தே. பந்து எறிஞ்சது நான். அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

"நீங்களா சார்?"

"கப்பு போனா ஜெனரல் மேனேஜர் என்னைத்தான் கேப்பார். நான்தானே ஐடியா குடுத்தேன்? உன் பேப்பர் இன்னும் டேபிள்லதான் இருக்கு. நாளைக்கு ஒழுங்காச் சொல்லு, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்ததும் அது கையெழுத்தாகிடும். உன் வொய்ஃப நினைச்சுப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவருக்கும் பி பிளாக்கிலிருந்து கேம்ப்புக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும். சரி சார் என்றுதான் சொல்லிவிட்டு இறங்கினேன். சொல்லவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக.

விசாரணை கிளப் ஹவுஸுக்குள் நடந்தது. ஸ்பேனர் இல்லாமல் அந்தக் கதவுக்குள் நான் போனது அன்றைக்குத்தான். தோல் நாற்காலி போட்டிருந்தார்கள். டீ கொடுத்தார்கள். ஏசியில் லேசாக ஒரு கரகரப்பு இருந்தது, ஃபேன் பெல்ட் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் முழுக்க ஆட்டக்காரர்களின் படங்கள். எதிரே டிரைவர் அண்ணன், அவருக்குப் பக்கத்தில் அவருடைய மேனேஜர்.

தலைவர் இரண்டு தரப்பையும் கேட்டார். எங்கள் ஆள் பந்து எறியவே இல்லை, மண்வேலைதான் செய்தான் என்றார் கேப்டன். எங்கள் ஆள் மட்டையைத் தொடவே இல்லை, பஸ்ஸில்தான் இருந்தான் என்றார் பஹ்ரைன் மேனேஜர். கிழவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்தார். யாரும் எறியாத ஒரு பந்தை யாரும் அடிக்காமல் விட்டதால் கோப்பை ஜெயிக்கப்பட்டது, அப்படித்தானே என்று கேட்டார். இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார்கள்.

அவர் டிரைவர் அண்ணனைப் பார்த்து நேராகக் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று நிதானமாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மட்டையோடு நின்றது நான்தான், எறிந்தது இவர்தான், நான் அவுட். பக்கத்தில் இருந்த மேனேஜர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவுட்டானதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம் தம்பி? நல்ல பந்து."

தோற்றவர் சொல்லிவிட்டார். ஜெயித்தவன் நான், வாயை மூடிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

தலைவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். கேப்டன் தமிழில் மொழிபெயர்த்தார். "நீ மேட்டு வேலைதானே பாத்தேன்னு கேக்கறார். ஆமான்னு சொல்லு." கிழவர் கேட்டது அது இல்லை என்று தெரிகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் உண்டு.

"எஸ் சார். ஐ த்ரோ," என்றேன்.

கேப்டன் உடனே, மண்ணை அள்ளி எறிவதைச் சொல்கிறான் என்று ஆங்கிலத்தையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனக்கு வந்ததே கோபம். எழுந்து நின்றுவிட்டேன். "பால் சார்! பால்! த்ரீ பால். திஸ் மேன் அவுட். மீ, நோபடி எல்ஸ்," என்று கத்தினேன். ஊரில் மாங்கா என்று என்னை ஓரம் கட்டினபோது கத்தாத கத்தல் எல்லாம் சேர்ந்து வந்தது. கிழவர் எழுந்து என்னிடம் கையை நீட்டினார். பிறகு டிரைவர் அண்ணனிடமும் நீட்டினார். அதை முடித்துவிட்டு உட்கார்ந்து, விதி விதிதான் என்று இரண்டு அணியையும் போட்டியிலிருந்து நீக்கினார்.

கோப்பை கடைசியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத ஒரு காம்பவுண்டுக்குப் போனது. அவர்கள் அணியில் எல்லோரும் ஸ்டாஃப். மேடு பழுதுபார்க்கும் வேலை ஆணை அன்றோடு நின்றது, மேடு அதற்குப் பிறகு கரையவே இல்லையாம். எச்.ஆர். மேசையில் இருந்த பேப்பரும் போய்விட்டது. ஜெனரல் மேனேஜர் வழியில் பார்த்தால் சிரிப்பார், நான் கம்ப்ரஸரோடு இருந்தால். கேப்டன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். அவர் அந்த நீலத் தொப்பியில்லாமல் ஆபீஸ் போவதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், கேம்ப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று அவளுக்கு வீடியோ கால் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பின்னால் அந்தப் பெட்டி தெரிந்தது.

"எங்க அண்ணிகிட்ட வரைக்கும் சொல்லியாச்சு," என்றாள். "இல்லன்னு ஒரே ஒரு வார்த்த. அத சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"வரல."

"ஊர்ல உள்ளவன்லாம் வாயத் தொறந்தா பொய்யி. எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு!" என்று திட்டித் தீர்த்துவிட்டு போனை வைத்துவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மெஸ்ஸிலிருந்து வெங்காய மூட்டை கொண்டுவந்து இறக்கினவன் பார்த்துவிட்டு, மூட்டையை அங்கேயே விட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. முகத்தைக் கழுவியிருந்தாள்.

"அந்த ஆள நெசமாவே நீங்கதான் அவுட்டாக்குனீங்களா?"

"ஆமா."

"நல்லா அடிக்கிறவரா?"

"நான் பாத்ததுலயே அவருதான்."

அவள் போனைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். பிறகு கேட்டாள். "எப்படிப் போட்டீங்க? போன எங்கயாவது சாய்ச்சு வச்சிட்டுப் போட்டுக் காட்டுங்க."

போனைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்தேன். பந்து இல்லை. மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, பின்னால் போய் நின்று, கையை மடக்கிக் கேம்ப் சுவரைப் பார்த்து எறிந்தேன். வெங்காயம் சிதறிப்போனது.

"சரியாத் தெரியலைங்க," என்றாள். "இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன்.